அயலார் இல்லாத சாட்சி: பெரம்பலூர், அரியலூர் வட்டாரமும் ஆள்மாறாட்ட மோசடியின் வரலாறும்

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 416-ஆம் பிரிவில், ஒருவர் தம்மை வேறொருவராகக் காட்டிக்கொண்டு பிறரை ஏமாற்றுவதை ‘ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல்’ என்று வகுத்ததோடு, அவ்வாறு காட்டப்பட்ட ஆள் உண்மையில் வாழ்பவரா அல்லது வெறும் கற்பனையா என்பது பொருட்டல்ல என்னும் விளக்கத்தையும் உடன் சேர்த்து வைத்தது. கணினி உண்டாக்கிய முகத்தையும் குரலையும் கொண்டு இன்று நடைபெறும் பணப்பறிப்புகளைப் புத்தம்புதிய குற்றமாக எண்ணுவோர் இவ்விளக்கத்தை மனத்தில் கொள்ளவேண்டும். குற்றம் பழையது, அதன் தண்டனைக்குரிய சொற்களும் பழையவை. காலந்தோறும் மாறிவந்தவை இரண்டு: ஒருவரை இன்னார் என்று அறிவதற்குச் சமூகம் ஏற்றுக்கொண்ட அடையாளம் எது என்பது ஒன்று, அந்த அடையாளம் பொய்யாகிப் போகும்போது இழப்பு யார் தலையில் விழுகிறது என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவதைப் பற்றிப் பேசுவோர் பலர். எளிய மக்களின் வாழ்வைத் தீர்மானித்தது இரண்டாவதே.

இவ்வரலாற்றைப் பார்ப்பதற்குப் பெரம்பலூரும் அரியலூரும் தக்க களம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்களாக நெடுங்காலம் இருந்த இப்பகுதி, 1995-இல் பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிந்து, 2001-இல் அரியலூரைத் தனி மாவட்டமாக ஈன்று, மறு ஆண்டே அதை மீண்டும் தன்னுள் சேர்த்துக்கொண்டு, 2007-இல் இறுதியாக இரண்டாயிற்று. மேற்கே பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம். கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகள். 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காட்டைத் தொட்டிருக்க, பெரம்பலூரில் அது 74 அளவிலும் அரியலூரில் 71 அளவிலும் நின்றது. மழையை நம்பிய நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடாததால் வெளியூருக்கும் வெளிநாட்டிற்கும் பிழைக்கப் போனவர்களின் பணத்தை எதிர்பார்த்திருந்த வீடுகள் இங்கு மிகுதி. கண்ணுக்கு எட்டாத ஒருவரின் கையெழுத்தையும் குரலையும் நம்பி வாழ்வது இவ்வட்டாரத்தில் வழிவழியாக வந்த நிலை.

அரச ஆணையே போலியாகக்கூடும் என்ற அச்சம் இங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. இவ்வட்டாரத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட மன்னர்கள் வெளியிட்ட செப்பேடுகளின் ஏடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் புலியும் இரு மீன்களும் வில்லும் பொறித்த அரச முத்திரை வைக்கப்பட்டது. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை நீக்கவோ புதிதாகச் செருகவோ முடியாது. ஆயினும் சோழர் நிருவாகம் முத்திரையை மட்டும் நம்பவில்லை. தானமாகக் கொடுத்த நிலத்தின் எல்லையை, பெண் யானை ஒன்றை நடத்தி, அந்தந்த நாட்டார் உடனிருந்து பார்க்க வரையறுத்ததையும், ஆணையைக் கேட்டவர், எழுதியவர், ஒப்பிட்டவர், கையெழுத்திட்டவர் எனப் பலரின் பெயர்களை வரிசையாகப் பொறித்ததையும் செப்பேடுகள் காட்டுகின்றன. பிற்காலத்தில் புனைந்த போலிச் செப்பேடுகள் பலவற்றைக் கல்வெட்டறிஞர்கள் இனங்கண்டிருப்பதைப் பார்க்கும்போது, எழுத்தையும் முத்திரையையும் போலியாகச் செய்துவிடலாம் என்பதும், எல்லையில் நின்று பார்த்த ஊராரைப் போலியாகச் செய்வது அரிது என்பதும் அன்றே தெரிந்திருந்தன எனலாம். வழக்கொன்றில் சான்றாகக் கொள்ளத்தக்கவை நெடுநாள் அனுபவம், எழுத்து ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்று என்று பெரியபுராணத்தின் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு சொல்வதும் இம்மரபே.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்மூன்றில் எழுத்து மேலோங்கியது. பத்திரப் பதிவுச் சட்டங்கள் 1860-களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றபோது, எழுதப் படிக்கத் தெரியாத உழவர் எவ்வாறு தம்மை மெய்ப்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக வந்தது கைநாட்டு. வங்காளத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை 1858-இல் வாங்கிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி தொடங்கிவைத்த முயற்சி, 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவாக வளர்ந்து, பதிவு அலுவலகங்களின் நடைமுறையாகவும் ஆயிற்று. நிலம் விற்பவர் சார்பதிவாளர் முன்னிலையில் வந்து, இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் பதிக்க, அவரை இன்னார் என்று அறிந்த இருவர் அருகில் நின்று கையெழுத்திட்டனர். ரேகை மட்டும் போதும் என்று அலுவலகம் விட்டுவிடவில்லை. அடையாளம் காட்டும் சாட்சிகளும் வேண்டும் என்றது. போலிப் பத்திரங்களும் இறந்தவர் பெயரில் நடந்த விற்பனைகளும் இதனால் முற்றும் ஒழியவில்லைதான். ஆனாலும் ஏமாற்றுபவருக்கு ஒரு பொய் ரேகை மட்டும் போதவில்லை. பொய் சொல்ல இரண்டு மனிதர்களையும் அவர் தேடவேண்டியிருந்தது.

இதே ஏற்பாட்டை மேலும் எளிமையாகவும் கனிவாகவும் செய்து காட்டியது அஞ்சல் துறையின் மணியார்டர். 1880-இல் இந்திய அஞ்சலகங்கள் இச்சேவையைத் தொடங்கிய பின், அனுப்புபவர் தொலைவிலுள்ள ஊரில் பணத்தைக் கட்ட, பெறுபவரின் வாசலில் தபால்காரர் அதை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் சிற்றூர்களில் வேரூன்றியது. 1962 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகையும் பல பத்தாண்டுகள் இவ்வழியாகவே வந்தது. தபால்காரர் திண்ணையில் அமர்ந்து, தோல்பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்து, அடியிலுள்ள கூப்பனில் எழுதியிருக்கும் நான்கு வரிச் செய்தியை உரக்கப் படித்துக்காட்டி, மைப்பெட்டியைத் திறந்து மூதாட்டியின் பெருவிரலைப் பிடித்து ஒற்றிவிட்டு, எழுதத் தெரிந்த அண்டைவீட்டார் ஒருவரை அழைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கிய பிறகே நோட்டுகளை எண்ணுவார். எழுத்தறியாதவருக்குப் பணம் கொடுக்கும்போது ரேகையைச் சாட்சியொருவர் உறுதிசெய்யவேண்டும் என்பது அஞ்சல் துறையின் விதி. தபால்காரர் கையில் ஐந்தோ பத்தோ ‘தேநீர்க் காசு’ போனதும் உண்மை. அந்தக் குறையை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பணம் ஆள்மாறிப் போய்விட்டால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் மூதாட்டி அல்லர், அஞ்சல் துறை. கல்வியற்ற ஒருவர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று அந்த முறை ஒருபோதும் எதிர்பார்க்கவில்லை. அவருக்காக எச்சரிக்கையாக இருக்கும் கடமையை அது தன் ஊழியரிடமும் ஊராரிடமும் பகிர்ந்து கொடுத்திருந்தது. வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

கூட்டாகப் பணம் சேர்க்கும் நிறுவனங்களின் மோசடி தனிக் கதை. ஆயினும் ஒரு காரணத்திற்காக அதை இங்குத் தொடவேண்டும். 1906-இல் சென்னையின் அர்பத்நாட் வங்கி முறிந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்ததும், அதன் எதிரொலியாக மறு ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியதும் பலரும் அறிந்தவை. சீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1961-இல் மாநிலச் சட்டமும் 1982-இல் மத்தியச் சட்டமும் வந்தன. 1990-களில் ‘பைனான்ஸ்’ என்ற பெயர்ப்பலகையுடன் நகரந்தோறும் முளைத்து, ஆண்டுக்கு 24 விழுக்காடும் அதற்கு மேலும் வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனங்கள் மூடியபோது, தமிழ்நாடு அரசு 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏமாற்றியவரைச் சிறையிலடைப்பதோடு நில்லாமல், நிறுவனத்தின் சொத்துகளை அரசே முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழியே விற்று, முதலீட்டாளருக்குப் பகிர்ந்தளிக்க இச்சட்டம் வழிசெய்தது. 2000-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு தனியாக அமைந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. ‘ஆசைப்பட்டவர் இழந்தார்’ என்று கைவிடாமல், இழந்தவருக்குத் திருப்பிக் கொடுப்பதை அரசின் கடமையாக ஒப்புக்கொண்ட முயற்சி என்ற அளவில், பட்டுவாடா மிகவும் தாமதமானபோதிலும், இதற்குப் பெருமை உண்டு.

இதற்கிடையே இவ்வட்டாரத்தின் வீடுகளில் அடையாளத்தின் இடத்தைக் குரல் பிடித்துக்கொண்டது. வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போனவர்கள் முதலில் கடிதம் எழுதினர். ஒலிநாடா வந்த காலத்தில் குரலைப் பதிந்து, ஊருக்குத் திரும்பும் நண்பர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் தோன்றியது. படிக்கத் தெரியாத தாய்க்கு மகனின் செய்தி இடையாள் இல்லாமல் நேரே கிடைத்தது அப்போதுதான். பின் எஸ்.டி.டி. பூத், அதன்பின் கைப்பேசி, இப்போது ஐமோ, வாட்ஸ்அப் காணொளி அழைப்பு. பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் மட்டுமே கண்டு மகிழும் முதியோர் இங்கு எண்ணற்றோர். கையெழுத்தைச் சந்தேகிக்கலாம், ரேகையைச் சரிபார்க்கலாம்; பெற்ற பிள்ளையின் குரலையும் முகத்தையும் சந்தேகிக்கவேண்டிய தேவை எந்தத் தலைமுறைக்கும் நேர்ந்ததில்லை. புதிய மோசடி கைவைத்திருப்பது இந்த நம்பிக்கையில்தான்.

அதற்கு முன்பாகவே சாட்சி அகன்றுவிட்டார். நூறு நாள் வேலைத் திட்டம் 2008 ஏப்ரலில் இவ்விரு மாவட்டங்களுக்கும் வந்தபோது, தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூலி ரொக்கமாக, பலர் காணக் கொடுக்கப்பட்டது. பின்னர் அது வங்கிக்கு மாறியது. 2014-இல் ஜன்தன் கணக்குகள், 2016-இல் யூபிஐ எனப்படும் உடனடிப் பணமாற்று முறை, அதே ஆண்டு இறுதியில் பணமதிப்பிழப்பு, மலிவான இணையம் என எல்லாம் மூன்றாண்டுக்குள் வந்து சேர்ந்தன. உதவித்தொகை இடைத்தரகரின்றி நேரே கணக்கில் ஏறியது பெரும் நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் திண்ணையிலிருந்த சாட்சி, மைப்பெட்டி, படித்துக்காட்டிய வாய் ஆகிய மூன்றும் ஒன்றாக விலகின. அவற்றின் இடத்தில் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி எண் அமர்ந்தது. ஒருமுறை மட்டும் செல்லும் இந்தக் கடவுச்சொல்லைச் சொன்னவரே கணக்கின் உரிமையாளர் என்று இயந்திரம் கொள்வதால், அதைக் கேட்டுப் பெறுவதே மோசடியின் முதல் வேலையாயிற்று. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஏறத் தொடங்கியபோது, ஓடிபி கேட்டு வரும் அழைப்புகளுக்கு இணங்கவேண்டாம் என்று அரசே எச்சரிக்கவேண்டியிருந்தது.

ரேகையின் கதி இன்னும் வருந்தத்தக்கது. கையிலுள்ள சிறு கருவியில் விரலை வைத்தால் ஆதார் வழியாகப் பணம் எடுத்துக் கொடுக்கும் வங்கித் தொடர்பாளர்கள் சிற்றூர்களுக்கு வந்தபின், எழுத்தறியாதவருக்கு ஏற்ற முறை இதுவே என்று கருதப்பட்டது. ஆனால் 2018-இல் தெலங்கானாவில் ஒருவர், பதிவுத் துறையின் இணையதளத்தில் பொதுவில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து ரேகைகளைப் படியெடுத்து, ஆயிரக்கணக்கான போலி விரல்களைச் செய்திருந்தது வெளிப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் பல மாநிலங்களில் இதே வழியில் கணக்குகளிலிருந்து பணம் களவாடப்பட்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்கென்று சார்பதிவாளர் அலுவலகம் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்த ரேகையே ஆள்மாறாட்டத்தின் கருவியானது. பழைய ஏற்பாட்டில் ரேகையோடு இரண்டு சாட்சிகள் இருந்தனர். புதிய ஏற்பாட்டில் ரேகை தனியாக விடப்பட்டது.

நிறுவனத்தின் கவனக்குறைவு எளியவர் மீது எப்படி விழுகிறது என்பதை 2020-இல் நடந்த பிரதமர் கிசான் திட்ட முறைகேடு காட்டியது. உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அத்திட்டத்தில், அதிகாரிகளுக்குரிய கடவுச்சொற்கள் வெளியாள் கைக்குப் போய், வெள்ளாற்றுக்கு வடக்கிலுள்ள கடலூர், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட 13 மாவட்டங்களில் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருந்தது. தரகரிடம் ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்த கூலித்தொழிலாளர் பலர், அரசு உதவி வருகிறது என்று மட்டுமே அறிந்திருந்தனர். வழக்குகளும் கைதுகளும் நடந்தன என்றாலும், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி முதலில் தட்டப்பட்டவை அவர்களின் கதவுகளே.

ஆழ்போலி என்று தமிழில் சொல்லத்தக்க டீப்ஃபேக், ஒருவரின் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் கணினிக்குப் பயிற்றுவித்து, அவர் சொல்லாததைச் சொல்வதுபோலவும் செய்யாததைச் செய்வதுபோலவும் காட்டும் நுட்பம். அப்பெயர் 2017 வாக்கில் பரவலாயிற்று. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் பணி ஓய்வுபெற்ற ஒருவருக்கு, முன்னாள் சக ஊழியரின் முகத்தோடும் குரலோடும் வாட்ஸ்அப் அழைப்பு வந்து, உறவினரின் அறுவை மருத்துவத்திற்கென்று 40,000 ரூபாய் கேட்டது. கொடுத்தார். மீண்டும் 35,000 கேட்டபோது ஐயுற்று, நண்பரின் பழைய எண்ணுக்குத் தாமே அழைத்துப் பேசியதால் உண்மை வெளிப்பட்டது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கும் முடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹாங்காங்கில், பன்னாட்டுப் பொறியியல் நிறுவனம் ஒன்றின் ஊழியர், காணொளிக் கூட்டத்தில் தோன்றிய நிதித் தலைவரும் சக ஊழியர்களும் போலிகள் என்றறியாமல் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பியது வெளியே வந்தது. பயிற்சிபெற்ற நிதி ஊழியரே கண்டுபிடிக்க முடியாத ஒன்றை இவ்வட்டாரத்து வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ உள்ள மூதாட்டி கண்டுபிடிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

‘டிஜிட்டல் கைது’ எனப்படும் மோசடி இதன் உடன்பிறப்பு. காவல் அதிகாரி, சுங்க அதிகாரி, நீதிபதி என்று வேடமிட்டவர்கள் காணொளியில் தோன்றி, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, உங்கள் கணக்கில் கள்ளப்பணம் வந்தது என்று மிரட்டி, அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, வீட்டாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்று மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஒருவரை அறைக்குள் இருத்திப் பணம் பறிப்பர். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைச் சொல்லவேண்டி வந்தது. இம்மோசடியின் உயிர்நாடி தொழில்நுட்பத்தில் இல்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்னும் கட்டளையில் இருக்கிறது. பல ஊர்களில் வைப்புத்தொகையை முறிக்க வந்த முதியவரின் முகவாட்டத்தைக் கண்டு வங்கி ஊழியர் விசாரித்து நிறுத்தியதால் பணம் தப்பியிருக்கிறது.

அழைப்பவரும் சில வேளை சிறைப்பட்டவரே என்பதை மறக்கலாகாது. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மீட்கப்பட்டவர்களில் 13 தமிழர் 2022 அக்டோபரில் சென்னை வந்தனர். வெளிநாட்டு வேலையை நம்பும் வட்டாரங்களுக்கு இம்மோசடி இருபுறமும் கூர்.

பாதுகாப்பு எந்த இடத்தில் நிற்கிறது? ஆள்மாறாட்டத்திற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரையும் சிறை விதிக்கின்றன. 2021-இல் வேறு எண்ணில் தொடங்கி இப்போது 1930 ஆகியுள்ள உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க முடிகிறது. முதல் சில மணி நேரம் போய்விட்டால், பிறர் பெயரில் வாடகைக்கு எடுத்த ‘மியூல்’ கணக்குகள் பலவற்றில் அது சிதறிவிடுகிறது. நாடு முழுவதும் 2024-இல் மட்டும் மக்கள் இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இழப்பை யார் ஏற்பது என்பதில் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு நல்ல தொடக்கம்: வாடிக்கையாளரின் தவறின்றி, வங்கியின் தவறுமின்றி, வெளியாளால் நடந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை என்றும், அவர்மீது பொறுப்பை மெய்ப்பிக்கவேண்டியது வங்கியே என்றும் அது கூறியது. ஆனால் கடவுச்சொல்லைத் தாமே சொல்லிவிட்டவரை அது கைவிட்டது. தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. மகனின் குரலைக் கேட்டு, மகனுக்கென்று பணம் அனுப்பிய தாய்க்கு அச்சுற்றறிக்கையில் இடமில்லை.

பிற நாடுகள் இதைத் தாண்டிச் சென்றுள்ளன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரவேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி ஏற்கவேண்டும். முதுமையாலோ நோயாலோ வேறு நிலையாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரிடம் ‘நீ கவனமாக இருந்திருக்கவேண்டும்’ என்ற வாதம் செல்லாது. இவ்வட்டாரத்தார் பலர் உழைக்கும் சிங்கப்பூரில் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், மோசடியில் சிக்கியவர் அதை நம்ப மறுத்தாலும் அவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை 30 நாள் நிறுத்திவைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. உரிமையில் தலையிடும் சட்டம் என்ற எதிர்ப்பு அதற்கு உண்டு. ஆனால் வீட்டாரிடம் பேசவும், பயம் தணியவும் ஒருவருக்கு அது நாட்களை வாங்கித் தருகிறது. பணம் நொடியில் போய்விடும் அமைப்பில் அயலாரை மீண்டும் கொண்டுவரத் தாமதத்தைத் தவிர வேறு வழி எளிதில் தென்படவில்லை. முதியோரின் பெருந்தொகைப் பணமாற்றுக்குச் சில மணி நேர இடைவெளியும், அவரே குறித்துக் கொடுத்த உறவினர் ஒருவரின் ஒப்புதலும் இருந்தால், மணியார்டர்ப் படிவத்தின் சாட்சிக் கையெழுத்து புது வடிவில் திரும்பிவிடும்.

இந்தியாவிலும் பார்வை திரும்பத் தொடங்கியிருக்கிறது. ஹரியாணாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியின் முறையீட்டைத் தானே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2025 டிசம்பர் 1 அன்று டிஜிட்டல் கைது மோசடிகளை நாடு முழுவதும் விசாரிக்கும் பொறுப்பை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தபோது, மியூல் கணக்குகளைத் திறக்க உடந்தையான வங்கி அலுவலர்களையும் விசாரிக்க அத்துறைக்கு அதிகாரம் கொடுத்ததோடு, அத்தகைய கணக்குகளைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு முன்கூட்டியே கண்டுபிடித்து முடக்கும் ஏற்பாடு எப்போது வரும் என்று ரிசர்வ் வங்கியையும் கேட்டது.